கொசுவுக்கு விடுமுறை இல்லை



பள்ளியின் ஆண்டுத் திட்டத்தை வரையும்போது நலவாரம், பாதுகாப்பு வாரம், சுற்றுச்சூழல் வாரம் என்று ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்துவிடுகிறோம். பாதுகாப்பு, நலம், தூய்மை ஆகிய மூன்றையும் இணைத்து மலாய்மொழியில் '3கே' என்று சுருக்கி அழைக்கப்படும் திட்டத்தை அறியாத ஆசிரியர் நம் நாட்டில் இருக்க முடியாது. வாரம் பிறந்ததும் பதாகை கட்டுகிறோம்; சபைகூடலில் உரை நிகழ்த்துகிறோம்; சுவரொட்டி வரையும் போட்டி, புதிர்ப்போட்டி, பரிசளிப்பு என்று ஐந்து நாளும் பள்ளி களைகட்டுகிறது. வெள்ளிக்கிழமை படங்களை ஒட்டி அறிக்கை எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டால் அந்த ஆண்டுக்கான கடமை நிறைவேறியது. இவற்றால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேடையேறத் தயங்கும் பிள்ளை ஒன்று சுவரொட்டி வரைந்து பரிசு வாங்குவதும் நல்லதுதான். ஆனால், டிங்கிக் காய்ச்சலைப் பொறுத்தவரையில் 'வாரம்' கொண்டாடுவது ஒத்துவராத முறை என்பது என் கருத்து. அதற்கான காரணம் மிக எளிய ஒரு கணக்கில் இருக்கிறது.

ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீர் பட்ட ஓரிரு நாளில் பொரிகிறது. புழு நான்கு முறை வளர்ந்து உருமாறுகிறது. பிறகு இரண்டு நாள் கூட்டுப்புழு. அதன்பின் கொசு. நம் நாட்டு வெப்பத்தில் இவை அனைத்தும் நடந்து முடிய 7 முதல் 10 நாள் போதும். ஆக, மார்ச்சு மாதத்தில் ஒரு வாரம் நாம் பள்ளியைப் பளபளப்பாக்கினால், அடுத்த வாரம் பெய்யும் மழைக்கே புதிய தலைமுறை தொடங்கிவிடுகிறது. நாம் அடுத்த ஆண்டு மார்ச்சு வரை காத்திருக்கிறோம், கொசு காத்திருப்பதில்லை! வாரத்திற்கு ஒரு முறை 10 நிமிடம் ஒதுக்கிச் சுற்றுப்புறத்தைச் சோதியுங்கள் என்று சுகாதார அமைச்சு பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதன் பொருள் இதுதான். அந்தப் 10 நிமிடத்தைக் காட்டிலும் 'வாரத்திற்கு ஒரு முறை' என்பதே அதில் முக்கியமானது. ஏழு நாளுக்குள் ஒரு முறை குறுக்கே புகுந்தால் புழு கொசுவாவதற்குள் பிடித்துவிடலாம். பத்தாம் நாள் போனால் பறந்துவிட்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீருக்கு மேல் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டி வைக்கிறது. பாத்திரம் காய்ந்துபோனாலும் அந்த முட்டைகள் பல மாதம் உயிரோடு இருக்கும். ஆகவே, தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவேண்டும். இந்த ஒரு செய்தியை எந்தச் சுவரொட்டியிலும் நான் கண்டதில்லை. கொம்பு முளைத்த பெரிய கொசு ஒன்றும், அதன்மேல் சிவப்புக் குறுக்குக் கோடும்தான் எல்லாச் சுவரொட்டிகளிலும் இருக்கின்றன.

பெற்றோர் பலர், "புகை அடிக்கச் சொல்லுங்கள் ஐயா" என்பார்கள். புகையடிப்பு பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீருக்குள் நெளியும் புழுவுக்கும் சுவரில் ஒட்டிய முட்டைக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. நோய் கண்ட இடத்தில் அது தேவைதான். ஆனால், புகையைப் பார்த்து நிம்மதியாக உறங்கச் செல்பவர்கள் ஏமாந்து போகிறார்கள்.

சரி, இதில் பள்ளி எங்கே வருகிறது? வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொண்டால் போதாதா? போதாது. ஏடிஸ் பகலில் கடிக்கும் கொசு. பொழுது விடிந்த சில மணி நேரமும், மாலை மங்குவதற்கு முந்திய நேரமும் அதற்கு உகந்தவை. காலை ஏழரை மணிக்குச் சபைகூடலில் நம் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஆண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு இருக்கிறார்கள். மேசைக்கு அடியில் இருட்டில் கால்கள் தொங்குகின்றன. மாலையில் புறப்பாட நடவடிக்கை. ஆக, கொசு கடிக்கும் நேரத்தில் பெரும்பகுதி பிள்ளைகள் நம் பொறுப்பில் இருக்கிறார்கள். இந்தக் கொசு நெடுந்தொலைவு பறப்பதும் இல்லை. பொதுவாகச் சில நூறு மீட்டருக்குள் அதன் வாழ்வு முடிந்துவிடும். பள்ளியில் கடிக்கும் கொசு பெரும்பாலும் பள்ளியிலேயே பிறந்ததாகத்தான் இருக்கும்.

எங்கள் பள்ளியில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பத்து நிமிடம் சோதனைக்குச் செல்கிறார்கள். வளாகத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறோம். பகுதிக்கு நான்கு பேர். ஒரு டார்ச் விளக்கு, ஒரு வெள்ளைக் கரண்டி, ஒரு சொட்டுக்குழாய், ஒரு குறிப்பேடு, இவ்வளவுதான் கருவிகள். வெள்ளைக் கரண்டி எதற்கென்றால், கறுப்பாக நெளியும் புழு வெள்ளையில்தான் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகள் கால்வாயில் இறங்குவதில்லை, மருந்தைத் தொடுவதில்லை. அபேட் மருந்து இடவேண்டிய இடங்களில் பொறுப்பாசிரியரோ பள்ளிப் பணியாளரோதான் இடுவார். பிள்ளைகளின் வேலை பார்ப்பது, எழுதுவது, ஆசிரியரிடம் சொல்வது. புழு இல்லையென்றால் 'இல்லை' என்று கட்டாயம் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறோம். எழுதாமல் விட்ட இடம் பார்க்காத இடமாகவே கொள்ளப்படும்.

அந்தக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். பெரியவர்களாகிய நாம் கொசு என்றவுடன் சாக்கடையைத்தான் நினைக்கிறோம். பிள்ளைகள் கண்டுபிடித்த இடங்களோ வேறு. ஆசிரியர் அறையில் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு. குடிநீர் இயந்திரத்தின் அடியில் சொட்டுநீர் தேங்கும் தட்டு. பழுதடைந்து பூட்டிக் கிடக்கும் கழிவறையின் நீர்ப்பெட்டி. மூலிகைத் தோட்டத்து மூங்கில் வேலியில் வெட்டுப்பட்ட கணுக்களின் வாய். மேடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த நெகிழி நாற்காலிகளின் குழிந்த இருக்கைகள். இந்தக் கடைசி இடத்தைக் கண்டுபிடித்தவள் வகுப்பிலேயே அதிகம் பேசாத ஒரு மாணவி. பணியாளர்கள் நாள்தோறும் அந்த வழியே நடந்தும் யார் கண்ணிலும் படாதது, குனிந்து விளக்கடித்துப் பார்த்த அவள் கண்ணில் பட்டது.

எனக்கு மிகவும் சங்கடத்தை உண்டாக்கிய இடங்கள் வேறு இரண்டு உண்டு. ஒன்று, சுற்றுச்சூழல் வாரத்தில் பழைய டயர்களுக்கு வண்ணம் பூசிச் செய்த அழகிய பூந்தொட்டிகள். டயரின் உள்வளைவில் தேங்கும் மழைநீர் எளிதில் காய்வதில்லை, வெயிலும் படுவதில்லை. ஏடிஸுக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடைக்காது! மற்றொன்று, மறுசுழற்சி மையம். பிள்ளைகள் ஆர்வத்தோடு கொண்டுவந்து குவித்த புட்டிகளும் தகர டின்களும், எடுத்துச் செல்ல ஆள் வரும்வரை வாரக்கணக்கில் திறந்த வெளியில் கிடந்தன. சுற்றுச்சூழலுக்காகச் செய்த நற்செயல் நலத்திற்குக் கேடாக முடிந்திருந்தது. மூன்று 'கே'க்களுக்கும் மூன்று பொறுப்பாசிரியர், மூன்று கோப்பு என்று நாம் பிரித்து வைத்திருப்பதால் வரும் கோளாறு இது. ஒருவர் சேர்ப்பதை மற்றவர் பார்ப்பதில்லை. மறுசுழற்சி வேண்டாம் என்பதல்ல. புட்டிகளை மூடியிட்டு, டின்களை நசுக்கி, கூரைக்கு அடியில் வைக்கவேண்டும். டயரில் துளையிடவேண்டும், முடியாவிட்டால் மண்ணை விளிம்புவரை நிரப்பவேண்டும். இவ்வளவு எளிய வேலைதான்.

இந்தச் சோதனைக்கு எல்லாரும் உடன்பட்டுவிடவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்தார். "ஐயா, பிள்ளையைப் படிக்கத்தான் அனுப்புகிறோம், புழு பொறுக்க அல்ல" என்றார். அவர் சினத்தோடு பேசவில்லை, வருத்தத்தோடு பேசினார். தோட்டத்து வாழ்க்கையிலிருந்து மீண்டுவந்த குடும்பத்தினருக்குத் தம் பிள்ளை கையில் துடைப்பமும் வாளியும் வரக்கூடாது என்ற எண்ணம் ஆழமானது. அதை நான் மதிக்கிறேன். நான் விடை சொல்வதற்குள், பேரனுக்காக வந்திருந்த பெரியவர் ஒருவர் பேசினார். "தம்பி, எங்கள் காலத்தில் எண்ணெய் தெளிக்கும் ஆள் ஒரு வாரம் வராவிட்டால் லயமே காய்ச்சலில் படுத்துவிடும். அவன் செய்தது கேவலமான வேலை என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை" என்றார்.

பெரியவர் சொன்னது மலேரியாவைப் பற்றி. இளம் ஆசிரியர்கள் அந்த வரலாற்றை அறிந்திருக்கவேண்டும். 1901-ஆம் ஆண்டில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு வந்த காலத்தில், அந்நகரமும் புதிதாகத் திறக்கப்பட்ட துறைமுகமும் மலேரியாவால் முடங்கிக் கிடந்தன. சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து அவர் நோயைக் குறைத்தார். அதே முறையை மலைச்சரிவுத் தோட்டங்களில் கையாண்டபோது விளைவு நேர்மாறாகிவிட்டது. காட்டை வெட்டி ஓடைகளில் வெயில் படச் செய்தவுடன் மலேரியா பெருகியது. தாழ்நிலத்தில் நோய் பரப்பிய கொசு வேறு; வெயில் படும் தெளிந்த ஓடை நீரை விரும்பும் மலைக்கொசு வேறு. எந்தக் கொசு, எந்தத் தண்ணீர் என்று அறியாமல் செய்யும் தூய்மைப் பணி கெடுதலாகவும் முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே நடந்த சான்று இது. பிறகுதான் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையும் மற்ற முறைகளும் தோட்டங்களில் பரவின. அதற்குள் மடிந்த தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். தற்செயலாக, பினாங்கில் டிங்கிக் காய்ச்சல் முதன்முதலாகப் பதிவானதும் அதே 1901-ஆம் ஆண்டின் இறுதியில்தான்.

மலேரியாவை இந்நாடு பெருமளவு அடக்கிவிட்டது. டிங்கியை அடக்க முடியவில்லை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 182 பேர் இறந்தனர். 2023-இலும் எண்ணிக்கை 1 இலட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டியது; இறந்தோர் 100 பேர். மலேரியாக் கொசு ஓடையிலும் சதுப்பிலும் வளர்ந்தது. ஆள் வைத்து எண்ணெய் தெளிக்க முடிந்தது. ஏடிஸ் நம் பூச்சாடியின் அடித்தட்டில் வளர்கிறது. அங்கே அரசாங்கம் வந்து எண்ணெய் தெளிக்க முடியாது. ரப்பர் மரத்து மங்கிலும்கூட மழைநீர் தேங்கினால் ஏடிஸ் வகைக் கொசு வளரும் என்பதைத் தோட்டப்புறப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கவனத்தில் கொள்ளவேண்டும். வேலையாள் இல்லாமல் கைவிடப்பட்ட காடுகளில் மங்குகள் அப்படியே மரத்தில் தொங்குகின்றன.

அந்தத் தந்தைக்கு நான் சொன்னது இதுதான். அறிவியல் பாடத்தில் விலங்குகளின் வாழ்க்கைச் சுழற்சி வருகிறது. கணிதத்தில் அட்டவணையும் பட்டைக் குறிவரைவும் வருகின்றன. வாரந்தோறும் எடுத்த எண்ணிக்கையை வகுப்பில் குறிவரைவாக்கும்போது பிள்ளைகள் கேட்கும் கேள்விகள் பாடநூலில் இல்லாதவை. "ஐயா, மழை பெய்த வாரத்தில் ஏன் எண்ணிக்கை கூடவில்லை? அதற்கு அடுத்த வாரத்தில்தானே கூடியிருக்கிறது?" என்று ஒருவன் கேட்டான். கேள்விக்கான விடையை அவனே முட்டை, புழு என்று நாள்களை எண்ணிக் கண்டுபிடித்தான். இது படிப்பு இல்லையென்றால் வேறு எது படிப்பு? தந்தை முழுமையாக ஏற்றுக்கொண்டாரா என்று தெரியாது. மகனைத் தடுக்கவில்லை.

பெற்றோர்கள் இந்தப் பகுதியைச் சற்றே கவனமாகப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் மூன்று நாள் காய்ச்சலுக்குப் பிறகு பள்ளிக்கு வந்தான். காய்ச்சல் முற்றாக விட்டிருந்தது. தேர்வு நேரம் என்பதால் தாயார் அனுப்பியிருந்தார். ஓய்வு நேரத்தில் அவன் உணவைத் தொடவில்லை. மேசையில் தலை சாய்த்துக்கொண்டு வயிறு வலிக்கிறது என்றான். இருமுறை வாந்தி எடுத்தான். கை சில்லென்றிருந்தது. வகுப்பாசிரியை உடனே தாயாரை அழைத்து, அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லச் செய்தார். தீவிரக் கண்காணிப்புப் பிரிவில் சில நாள் இருந்து மீண்டான். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் நிலைமை வேறு என்று மருத்துவர் சொன்னாராம்.

டிங்கியில் காய்ச்சல் குறையும் நேரமே ஆபத்தான நேரம். பொதுவாக மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் அது நிகழ்கிறது. இரத்த நாளங்களிலிருந்து நீர்மம் கசிந்து வெளியேறுவதால் உடல் திடீரென்று தளர்ந்துவிடும். கடும் வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, பல் ஈற்றிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, அளவுக்கு மீறிய சோர்வு, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்கக்கூடாது. 'காய்ச்சல் விட்டுவிட்டது, இனிப் பயமில்லை' என்ற எண்ணம்தான் இந்த நோயில் மிகப் பெரிய பொறி. காய்ச்சலுக்கு பாராசிட்டமோல் கொடுக்கலாம்; ஆஸ்பிரின், இபுபுரொபேன் போன்றவற்றைத் தவிர்க்கவேண்டும்; அவை இரத்தக் கசிவைக் கூட்டக்கூடும். பப்பாளி இலைச் சாறு பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. அதைக் கொடுத்துவிட்டதால் மருத்துவமனைக்குப் போகவேண்டியதில்லை என்று இருந்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். ஒரு முறை வந்தால் மறுமுறை வராது என்பதும் தவறு. டிங்கி நச்சுயிரியில் நான்கு வகை உண்டு. இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். 4 வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பூசி ஒன்றுக்கு 2024-இல் நம் நாட்டில் நிபந்தனையுடன் ஒப்புதல் வழங்கப்பட்டது. அதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். தடுப்பூசி போட்டாலும் தொட்டியைக் கழுவத்தான் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒன்று. வருகைப் பதிவேட்டை நாம் எண்ணிக்கைக்காக மட்டுமே பார்க்கிறோம். ஒரே குடியிருப்பிலிருந்து வரும் இரண்டு பிள்ளைகள் ஒரே வாரத்தில் காய்ச்சலென்று விடுப்பு எடுத்தால், அது பதிவேடு நமக்குச் சொல்லும் செய்தி. மருத்துவர் டிங்கி நோயை 24 மணி நேரத்திற்குள் சுகாதாரத் துறைக்கு அறிவிக்கவேண்டும் என்பது சட்டம். ஆனால், மருத்துவரிடம் செல்லாத பிள்ளையைப் பற்றி அவர் எப்படி அறிவிப்பார்? வகுப்பாசிரியர் ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரித்துவிடலாம்.

இனி, விடுமுறை. எங்கள் குறிப்பேட்டில் எண்ணிக்கை மிகுந்திருக்கும் வாரங்கள் எவை என்று பார்த்தேன். தீபாவளி விடுமுறைக்கும் ஆண்டிறுதி விடுமுறைக்கும் பிந்திய வாரங்கள். பள்ளி பூட்டிக் கிடக்கும்போது கழிவறைகளில் யாரும் தண்ணீர் இறைப்பதில்லை. தொட்டியில் நீர் அசையாமல் நிற்கிறது. பத்து நாளுக்கு மேல் நீளும் விடுமுறை கொசுவுக்கு ஒரு முழுத் தலைமுறை. பள்ளி திறக்கும் நாளன்று புத்தாடை உடுத்திய முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வரவேற்க நாம் வாயிலில் நிற்பதற்கு முன்பே கொசுக்கள் வகுப்பறையில் காத்திருக்கின்றன.

ஆகவே, விடுமுறைக்கு முந்திய கடைசி நாளில் தொட்டிகளைக் காலி செய்து தேய்த்துக் கழுவி உலர விடுகிறோம். காலி செய்ய முடியாத நீர்ப்பெட்டிகளில் மருந்திட்டு, கழிவறை மூடிகளை மூடுகிறோம். பூச்சாடிகளின் அடித்தட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறோம். நீண்ட விடுமுறையில் வாரத்திற்கு ஒரு முறை இரண்டு பெற்றோர் முறைவைத்து வந்து சுற்றிப் பார்க்கிறார்கள். காவலரிடம் திறவுகோலும் அதே ஆறு பகுதிகள் கொண்ட தாளும் இருக்கின்றன. பள்ளி திறப்பதற்கு முந்திய நாள் ஆசிரியர்கள் ஒரு சுற்று வருகிறோம். இதற்கு ஆன செலவு விளக்குக்கு மின்கலமும் கரண்டியும்தான்.

ஒரே ஒரு இடம் மட்டும் இன்னும் கைக்கு எட்டவில்லை. பழைய கட்டடத்தின் கூரையோரத்தில் மழைநீர் வழிந்தோடும் தகரக் கால்வாய். நடுவில் வளைந்து தொய்ந்திருக்கிறது. மாமரத்து இலைகளும் விழுந்து அடைத்திருக்கவேண்டும். பிள்ளைகளை ஏற்ற முடியாது. எங்களிடம் உள்ள ஏணியும் அவ்வளவு உயரம் போதாது. பழுதுபார்க்க விண்ணப்பம் அனுப்பி ஓர் ஆண்டுக்கு மேலாகிறது. ஆறாம் பகுதிக் குழுவினர் வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கட்டத்தில் 'பார்க்க முடியவில்லை' என்று எழுதிவருகிறார்கள். 'இல்லை' என்று எழுதிவிடலாமே என்று ஒருமுறை சோதித்துக் கேட்டேன். "பார்க்காமல் எப்படி எழுதுவது ஐயா?" என்றார்கள். அந்த ஏட்டின் நகலை இணைத்து இரண்டாம் விண்ணப்பம் சென்ற வாரம் போயிருக்கிறது.